ரொட்டிக்குப் பேன், பேனுக்குப் பூ: பிரெஞ்சு கிளாஸ்ல படிக்கிறதா, வீட்ல பேசிப் பழகுறதா?

லீவுக்கு ஊருக்கு வந்துருந்தப்ப மாயவரத்துல இருந்து சித்தி பொண்ணு என்ன பாக்க வந்தா. போன தையில தான் கல்யாணம், காரைக்கால் வீட்டுக்கு வாழ்க்கப்பட்டுருக்கா, மாப்ளைக்கு பிரெஞ்சு நேஷனாலிட்டி. அவர் லீவு முடிஞ்சு பாரிஸ் பக்கம் போயிட்டாரு, இவ விசா வர்ற வரைக்கும் மாமியார்கூட காரைக்கால்ல. உக்காந்து தண்ணி குடிக்கக்கூட இல்ல, ஆரம்பிச்சுட்டா.

"அக்கா, பாண்டியில போயி கோர்ஸ் சேரவா? இல்ல போன்ல ஆப் போட்டுக்கவா? இவரு என்னன்னா ஒண்ணும் வேணாம், இங்க வந்து நாலு மாசம் வீட்ல பேசுனா தானா வந்துடும்ங்குறாரு."

தானா வந்துடும்! 2019ல என் வீட்டுக்காரரும் இதே வசனத்த சொல்லித்தான் என்ன கூட்டிட்டுப் போனாரு. தானா வந்தது இடுப்பு வலி தான், பிரெஞ்சு வரல. அதனால மூணு நாலு வழியையும் நான் பட்டத வச்சு அவளுக்கு சொன்னேன், அத இங்கயும் எழுதிடுறேன், ஏன்னா நம்ம காரைக்கால், பட்டினம், நாகூர் பக்கம் இந்த கேள்வி மாசத்துக்கு ஒரு வீட்லயாவது வருது. வெளியூர்க்காரங்களுக்கு மட்டும் ஒரு வார்த்த: காரைக்கால் 1954 நவம்பர் 1 வரைக்கும் பிரெஞ்சுக்காரன் கையில இருந்துச்சு, சட்டப்படி கைமாறுனது 1962 ஆகஸ்ட் 16ல, அப்ப ஆறு மாசம் டைம் குடுத்து பிரெஞ்சு குடியுரிமை வேணுங்குறவங்க எழுதிக் குடுக்கலாம்னாங்க. அப்புடி எழுதிக் குடுத்த குடும்பங்களும், இந்தோசீனா அல்ஜீரியான்னு போயி சண்ட போட்ட சொல்தா (பிரெஞ்சு பட்டாளத்து சிப்பாய்) குடும்பங்களும் தான் இன்னைக்கும் இங்க இருந்து அங்க போயிட்டு வந்துட்டு இருக்காங்க.

சரி, மொதல்ல புத்தகப் படிப்பு. நான் கும்பகோணத்துல ப்ளஸ் டூல தமிழுக்கு பதிலா பிரெஞ்சு எடுத்தவ, எதுக்குன்னா மார்க்குக்கு தான், நம்ம பக்கம் எல்லாரும் அதுக்கு தான் எடுப்பாங்க. 200க்கு 184. பாரா மனப்பாடம், லெட்டர் மனப்பாடம், வினைச்சொல் டேபிள ராகம் போட்டு ஒப்பிப்பேன். அங்க போயி இறங்குன மறுநாள் பேக்கரியில அந்தம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க, வேற ஏதாச்சும் வேணுமான்னு, 184 மார்க் எடுத்த வாய்ல இருந்து ஒரு சத்தம் வரல. ஆனா அது வீணுன்னும் சொல்ல மாட்டேன். மூணு மாசம் கழிச்சு காதுல விழுந்தது எழுத்தா தெரிய ஆரம்பிச்சப்ப அந்த டேபிள் எல்லாம் தானா வந்து உக்காந்துகிச்சு, ஒண்ணுமே படிக்காம வந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கு அந்த மூணு மாசம் ரெண்டு வருஷம் ஆச்சு. இப்ப இவ பாண்டி அலியான்ஸ் ஃபிரான்சேஸ்ல சேந்தா (1889ல ஆரம்பிச்சது அது), அங்க வாய தொறக்க வச்சு சொல்லித்தருவாங்க, எங்க ப்ளஸ் டூ மாதிரி இல்ல. கஷ்டம் என்னன்னா காரைக்கால்ல இருந்து பஸ்ல போக மூணு மணி நேரத்துக்கு மேல, வர மூணு மணி நேரம், புதுப்பொண்ணு தெனம் போயிட்டு வந்தா மாமியார் என்ன சொல்வாங்கன்றது தனி பாடம்.

ஆப் பத்தி பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல. இங்கிலீஷ் வழியா படிக்கணும், ஆந்தை கிளி எதாவது வந்து நேத்து ஏன் படிக்கலன்னு கேக்கும், குதிர ஆப்பிள் தின்னுதுன்னு எழுத வைக்கும். அடுப்புல சோறு வேகுற நேரத்துல வார்த்த சேத்துக்கலாம், அவ்ளோதான். ஒரு விஷயத்துக்கு மட்டும் சிபாரிசு பண்ணுவேன், நம்பர். 70க்கு அறுபது பத்து, 80க்கு நாலு இருபது, 97க்கு நாலு இருபது பதினேழுன்னு சொல்ற ஊரு அது. போன் நம்பர ஜோடி ஜோடியா வேற சொல்வாங்க. எங்க டாக்டர் ஆபீஸ்ல சொன்ன நம்பர நான் எழுதிகிட்டே வரேன், 4 எழுதுறேன், 20 எழுதுறேன், அப்பறம் 17 எழுதுறேன், பத்து இலக்கத்துல நிக்க வேண்டியது பதிமூணு இலக்கம் ஆயிடுச்சு. (சிரிக்கிறவங்க, நம்ம தொண்ணூறுக்குள்ள நூறு எதுக்கு உக்காந்துருக்குன்னு மொதல்ல சொல்லுங்க.) இத காதால கேட்டு கேட்டு தான் பழகணும், அதுக்கு ஆப் ஓகே.

இப்ப வீடு. இங்க தான் எனக்கு சொல்ல நெறைய இருக்கு.

புருஷன்கிட்ட படிக்கலாம்னு நெனைக்காதீங்க, அது கார் ஓட்ட கத்துக்குற மாதிரி, ரெண்டாவது நாளே சண்ட வரும். என் வீட்டுக்காரரு ராத்திரி வேல முடிச்சு வந்து சோத்துல கை வைக்கும்போது நான் பிரெஞ்சுல ஆரம்பிச்சா, "ஏம்மா, சாம்பார்னு சொல்லேன் எனக்கு புரியும்"னு முடிச்சுடுவாரு. என் வாத்தியாரு என் பொண்ணு தான். அங்க மூணு வயசுலயே ஸ்கூல், 2019ல இருந்து கட்டாயமே ஆக்கிட்டாங்க, மத்தர்னெல்னு பேரு. 2020 செப்டம்பர்ல சேத்தோம், கொரோனா காலம், டீச்சர் எல்லாம் மாஸ்க்கு.

நான் ஒரு நோட்டு போட்டுருந்தேன், காதுல விழுறத தமிழ் எழுத்துல எழுதிக்குவேன். ரொட்டி, பேன். குளியல், அதுவும் பேன். நம்ம கிட்ட ஒரே ப தானே இருக்கு, அதுல எது அழுத்தி எது மென்மையான்னு நோட்டுக்கு தெரியல. ஒரு நாள் குளிக்கப் போறேன்னு பெருமையா பிரெஞ்சுல சொன்னேன், பொண்ணு ரொட்டி எனக்கும் வேணும்னு பின்னாடியே பாத்ரூம் வரைக்கும் வந்துட்டா.

அத விட பெரிய கூத்து ஸ்கூல் வாசல்ல. அன்னைக்கு பொண்ணுக்கு ரெட்ட சட போட்டு, பாரிஸ்ல நம்ம தமிழ் கடைங்க இருக்குற லாச்சப்பல்ல வாங்குன துணிப்பூ வச்சு விட்டுருந்தேன். சாயந்தரம் நாலரைக்கு கூட்டிட்டு வரப் போனா டீச்சர் தலைய காட்டி காட்டி என்னமோ சொல்றாங்க, மாஸ்க்கு வேற, எனக்கு காதுல விழுந்தது ஒரே வார்த்த: பூ. பூ, பூ, அத்தான்சியோன்னு. அட, பூ நல்லாருக்குன்னு சொல்றாங்க, தமிழ் வார்த்த கூட கத்து வச்சுருக்காங்களேன்னு எனக்கு ஒரே சந்தோஷம், மெர்சி மெர்சின்னு ரெண்டு தடவ சொல்லி, நாளைக்கு உங்களுக்கும் ஒண்ணு கொண்டாறேன்னு சைகை வேற காட்டிட்டு வந்தேன். அந்தம்மா முழிச்ச முழி இன்னும் கண்ணுல இருக்கு. வீட்டுக்கு வந்து பைய தொறந்தா ஸ்கூல் நோட்டுல துண்டுச்சீட்டு ஒட்டிருக்கு, வீட்டுக்காரரு படிச்சுட்டு சோபாவுல உருண்டு உருண்டு சிரிக்கிறாரு. அந்த ஊர்ல பூன்னா தலைப்பேன். கிளாஸ் முழுக்க பேன் பரவிடுச்சு, தலைய பாருங்கன்னு சொல்லிருக்காங்க.

ரொட்டிய பேன்னு சொல்றான், பேன பூன்னு சொல்றான், இவன்கிட்ட போயி எத்தன மார்க் எடுத்து என்ன!

ஆனா பாருங்க, இந்த வார்த்த எந்த புத்தகத்துலயும் எனக்கு வரல. புத்தகத்துல ஈஃபில் டவருக்கு வழி கேக்க சொல்லித்தருவாங்க. பேன், ஜுரம், மறந்துட்டு வந்த ஸ்வெட்டர், கேண்டீன்ல பன்றிக்கறி வேணாம்னு எழுதிக் குடுக்குறது, இதெல்லாம் வீட்டு வழியா மட்டும் தான் வரும். அந்த ஸ்கூல் நோட்டு இருக்கே, டீச்சரும் பெத்தவங்களும் மாத்தி மாத்தி எழுதி கையெழுத்து போடுறது, அது தான் என் உண்மையான பாடப்புத்தகம். கொஞ்சம் பெரிய கிளாஸ் போனா மனப்பாடப் பாட்டு, டிக்டேஷன் வரும், பொண்ணுக்கு ஒப்பிக்க சொல்லிக் குடுக்குற சாக்குல நானும் ஒப்பிச்சு ஒப்பிச்சு வாய் திருந்துச்சு. மூக்கால சொல்ற சத்தம் எல்லாம் நமக்கு ஈசி, மரம் பழம்னு பேசும்போது கடைசி ம்ம மூக்குல தானே விடுறோம், அதே தான். கஷ்டம் ஈக்கும் ஊக்கும் நடுவுல ஒண்ணு இருக்கு, ஈன்னு சொல்லிகிட்டே உதட்ட ஊக்கு குவிக்கணும், கண்ணாடி முன்னாடி நின்னு தான் வந்துச்சு.

காதும் வீட்ல தான் தொறக்கும். புத்தகத்துல "எனக்கு தெரியாது"க்கு நாலு வார்த்த, பொண்ணு எத கேட்டாலும் "ஷேப்பா"ங்குறா, நான் ஏதோ சேப்புக் கலர் சட்ட கேக்குறான்னு ரெண்டு நாள் நெனச்சுட்டு இருந்தேன்.

சரி அப்ப வீடே போதும்ல? போதாது. ரெண்டு காரணம், ரெண்டும் எனக்கு வலிச்ச காரணம்.

ஒண்ணு, வீடு "நீ" மட்டும் தான் சொல்லித்தரும். நம்மள மாதிரியே அவங்களுக்கும் நீ, நீங்க ரெண்டும் உண்டு, தூ, வூ. மூணு வயசுப் புள்ள அம்மாகிட்ட தூ தான் சொல்லும், நானும் அதையே புடிச்சுகிட்டு ஸ்கூல் ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட போயி, எங்கூர்ல சொல்லணும்னா, "ஏய் நீ எப்புடி இருக்க"ன்னு கேட்டுருக்கேன். ஒரு நாள் இல்ல, ஒரு வருஷம். பெரியவங்கள நீ வா போன்னு பேசுனா முதுகுல வச்சிருப்பாங்க எங்க ஆயா, அப்புடி வளந்தவ நான். அந்தம்மா ஒண்ணும் சொல்லல, அது தான் இன்னும் கூச்சமா இருக்கு. இத திருத்துனது ஓஃபி கிளாஸ், வெளிநாட்டுல இருந்து குடி வர்றவங்கள கவனிக்கிற கவர்மெண்ட் ஆபீஸ் அது. அங்க போயி இறங்குனா கவர்மெண்ட்டுகூட ஒரு காண்ட்ராக்ட் கையெழுத்து போடணும், நான் போனப்ப டெஸ்ட் வச்சு தேவைக்கு தகுந்த மாதிரி 100, 200, 400, எழுதப்படிக்கவே தெரியாதவங்களுக்கு 600 மணி நேரம் வரைக்கும் ஓசியில கிளாஸ் குடுத்தாங்க. எனக்கு 200. என் பக்கத்துல ஒரு மாலி நாட்டு அக்கா, இந்தப் பக்கம் ஒரு உக்ரைன் பொண்ணு, மூணு பேருக்கும் பொதுவா ஒரு பாஷையும் கெடையாது, டீ வேணுமான்னு கேக்கக்கூட பிரெஞ்சு தான். பயமில்லாம தப்பா பேசுன ஒரே இடம் அது.

ரெண்டாவது, புள்ளைய வாத்தியாரா வச்சா புள்ளையே மொழிபெயர்ப்பாளரும் ஆயிடுது. ஒரு தடவ டாக்டர்கிட்ட என் பிரச்சனைய ஆறு வயசுப் பொண்ணு வழியா சொல்ல வேண்டியதா போச்சு. பொம்பளைங்க சமாச்சாரம். அவளுக்கு அந்த வார்த்த தெரியல, எனக்கும் தெரியல, வயித்து வலின்னு சொல்லி மாத்திர வாங்கிட்டு வந்துட்டேன். இன்னொன்னும் நடந்துச்சு, நான் என் ஒடஞ்ச பிரெஞ்ச அவகிட்ட பேசப் பேச அவ தமிழ விட ஆரம்பிச்சா. அம்மாச்சிகிட்ட வீடியோ கால்ல "உய், நோ"ன்னு பதில் சொன்ன அன்னைக்கு முடிவு பண்ணிட்டேன், ஸ்கூல் நோட்டு தொறந்துருக்குற அரை மணி நேரம் மட்டும் தான் பிரெஞ்சு, மூடுனா தமிழ். அவ பிரெஞ்சுல கேட்டாலும் நான் தமிழ்ல தான் பதில்.

இதுல பேப்பர் விஷயத்த மறந்துடக்கூடாது. 2026 ஜனவரில இருந்து ரூல் ஏறிடுச்சு: அங்க தங்குறதுக்கான பல வருஷ கார்டுக்கு பிரெஞ்சு ஏ2 லெவல், பத்து வருஷ கார்டுக்கு அதுக்கு மேல பி1, குடியுரிமைக்கு இன்னும் மேல பி2. வீட்ல பேசிப் பழகுனவங்க ஏ2 பேச்சுல தட்டுத்தடுமாறி தாண்டிடுவாங்க, பி1ல ஒரு லெட்டர் எழுதச் சொன்னா அங்க தான் முட்டும். எழுத்து வீட்ல வராது. இந்த லெவல காட்ட டெல்ஃப், டிசிஎஃப்னு ரெண்டு பரீட்ச இருக்கு, டெல்ஃப் சர்டிபிகேட் வாழ்நாளைக்கும் செல்லும், டிசிஎஃப் ரெண்டு வருஷம் தான், அதனால ஊர்லயே நேரம் இருக்கும்போது டெல்ஃப் எழுதிடுன்னு தான் நான் சொல்வேன். போன பின்னாடி புள்ள, சமையல், குளிருன்னு ஆயிடும். லாச்சப்பல்ல நம்ம கடைங்க இருக்குற வரைக்கும் பத்து வருஷம் பிரெஞ்சே இல்லாம ஓட்டலாம் வேற, ஓட்டிட்டு இருக்குறவங்க எனக்கு தெரியும்.

சித்தி பொண்ணுக்கு நான் போட்டுக் குடுத்தது இது தான்: பாண்டியில சனி ஞாயிறு கிளாஸ், டெல்ஃப் ஏ2, ஆப்ல நம்பர் மட்டும், அங்க போனா ஓஃபி கிளாஸ ஒரு நாள் விடக்கூடாது, புள்ள பொறந்தா ஸ்கூல் நோட்டு. புருஷன்கிட்ட ஒரு வார்த்த கேக்கக்கூடாது.

"அது வரைக்கும் வீட்டுப் பேச்சுக்கு என்னக்கா பண்றது?"ன்னா.

"ஏன், உங்க அத்த இருக்காங்கல்ல."

அவ மாமியாரோட அப்பா சொல்தா, அந்தம்மா சின்ன வயசுல பிரெஞ்சு ஸ்கூல்ல படிச்சவங்க, பென்ஷன் பேப்பர் வந்தா தெருவே அவங்ககிட்ட தான் கொண்டாந்து படிக்கச் சொல்லும். இவளுக்கு அது தோணவே இல்ல, மாமியார்கிட்ட கேக்க பயம். நேத்து போன் பண்ணுனா. சாயந்தரம் காப்பிய இப்ப பிரெஞ்சுல தான் கேக்குறாங்களாம், அதுவும் வூ போட்டு மரியாதையா கேக்குறாங்களாம், சக்கர பத்தலன்னா மட்டும் தூவுக்கு எறங்கிடுறாங்களாம்.