ஊசிக்கு முன் கால் பெருவிரலைப் பாருங்கள்

இந்த விடுமுறையில் ஊருக்குப் போனபோது மகளுக்காக ஆஸ்பத்திரி ஏற வேண்டி வந்தது. அரிய நோயுள்ள பிள்ளையோடு ஊருக்குப் போகிறவர்களுக்கும் அங்கே வைத்தியம் பார்க்கிற டாக்டர்களுக்கும் உதவுமே என்று எழுதுகிறேன்.

மகளுக்கு இருப்பது எஃப்.ஓ.பி. ஃபைப்ரோடிஸ்பிளாசியா ஆசிஃபிகன்ஸ் ப்ரோக்ரெஸிவா என்பது முழுப்பெயர். தசையும் தசைநாணும் கொஞ்சம் கொஞ்சமாக எலும்பாகிவிடும். சுமார் பத்து லட்சம் பேரில் ஒருவருக்கு வரும். ஏ.சி.வி.ஆர்.1 மரபணுவில் உள்ள மாற்றம்தான் காரணம் என்று 2006-இல் கண்டறிந்தார்கள். பெரும்பாலும் அப்பா, அம்மா இருவருக்கும் இருக்காது. பிள்ளைக்குப் புதிதாக வரும். அடி பட்டாலும் சதையை வெட்டினாலும் தசையில் ஊசி போட்டாலும் அந்த இடத்தில் புது எலும்பு முளைக்கலாம். முளைத்ததை அறுத்து எடுத்தால் இன்னும் அதிகமாக வளரும்.

ஒருநாள் படியில் தடுக்கி விழுந்து முழங்கால் வீங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த தனியார் கிளினிக்குக்கு ஓடினோம். "வலிக்கு இடுப்பில் ஓர் ஊசி போடலாம். வீக்கம் வற்றவில்லை என்றால் கட்டியா என்று பார்க்க ஒரு துண்டு எடுத்து அனுப்பலாம்" என்றார் டாக்டர். நோய் விவரம் எழுதிய அட்டையை நீட்டினேன். படிக்காமலே மேசையில் வைத்துவிட்டு, "அதெல்லாம் ஒன்றும் ஆகாதும்மா" என்றார். அவர் இந்த நோயைக் கேள்விப்படாததில் எனக்குக் கோபம் இல்லை. யாருக்குத்தான் எல்லாம் தெரியும்? கையில் கொடுத்ததைப் படிக்காததுதான் பொறுக்கவில்லை. எழுந்து வந்துவிட்டோம்.

அப்புறம் அரசு மருத்துவமனைக்குப் போனோம். குழந்தைகள் பிரிவில் இருந்த டாக்டரம்மா வீக்கத்தைத் தொடுவதற்கு முன்பே, "செருப்பைக் கழற்று கண்ணு" என்றார். இரண்டு பெருவிரல்களும் குட்டையாக, பக்கத்து விரலை நோக்கிச் சாய்ந்திருக்கும். "பிறந்ததிலிருந்தே இப்படித்தானா?" என்று கேட்டார். இந்த நோயின் முதல் அடையாளமே அதுதான். அட்டையை முழுக்கப் படித்தார். எஃப்.ஓ.பி. நிபுணர்களின் பன்னாட்டுக் குழு வெளியிட்ட சிகிச்சை வழிகாட்டியைக் கைபேசியில் எடுத்து, எங்களை உட்கார வைத்துவிட்டுப் பொறுமையாகப் பார்த்தார். வீக்கம் தொடங்கி 24 மணி நேரம் ஆகவில்லை, பெரிய மூட்டு வேறு. அதனால் எடை பார்த்து 4 நாளுக்குப் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை எழுதினார்.

ரத்தம் எடுக்கச் சொன்னதும் நர்ஸ் தயங்கினார்: "ஊசியே கூடாதுன்னீங்களே மேடம்?" ரத்தக்குழாயில் குத்தி ரத்தம் எடுப்பதால் ஆபத்தில்லை, தசைக்குள் போகும் ஊசிதான் கூடாது என்று டாக்டர் நின்று விளக்கினார். மூட்டை இழுத்து வளைத்துப் பயிற்சி கொடுக்க வேண்டாம் என்று பிசியோதெரபி பிரிவுக்கும் எழுதினார். இப்படி ஒருவர் இருந்தால் போதும், மொத்த ஆஸ்பத்திரியும் கற்றுக்கொள்ளும்.

புது மருந்து பற்றியும் பேசினோம். பாலோவரோட்டீன் 2023-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் வளரும் பிள்ளைகளுக்கு எலும்பின் வளர்முனை சீக்கிரமே மூடிவிடலாம் என்பதால் நாங்கள் இன்னும் தொடங்கவில்லை.

கிளம்பும் முன் பல்வலியும் வந்தது. கீழ்த்தாடையை மரத்துப்போகச் செய்யும் ஊசி இவளுக்கு வாயையே பூட்டிவிடலாம், வாயை வலிந்து திறப்பதும் ஆகாது. டாக்டரம்மாவே பல் மருத்துவருக்குப் போன் போட்டு இதைச் சொன்னார். மறுபடி காட்டப் போனபோது, எங்கள் அட்டையின் நகலைப் பல் பிரிவிலும் பிரசவ வார்டிலும் கொடுத்திருந்தார். பிரசவ வார்டில் எதற்கு என்றேன். "பிறந்த அன்றே விரலைப் பார்த்துவிட்டால், பின்னாளில் இந்த நோயால் கழுத்தில் கட்டி வரும்போது யாரும் கத்தி எடுக்க மாட்டார்களே" என்றார்.