பிளக்-இன், ஜிபிடி, எம்சிபி: சாட்பாட்டோடு எதைச் சேர்ப்பது?

ஏழு இலக்க எண்கள் இரண்டைப் பெருக்கச் சொன்னால், சாட்பாட்டின் உள்ளே இருந்து எழுத்தை உருவாக்கும் மொழி மாதிரி தனியாகக் கணக்குப் போடுவதில்லை. அடுத்து எந்த இலக்கம் வரும் என்று ஊகிக்கிறது. முதல் இலக்கங்கள் சரியாக இருக்கும், நடுவில் கோட்டை விடும். இது போன்ற குறைகளுக்காகத்தான் வெளிக் கருவிகளைச் சேர்க்கும் வேலை தொடங்கியது.

2023 மார்ச்சில் ஓப்பன்ஏஐ தன் சாட்ஜிபிடிக்கு பிளக்-இன்களை, அதாவது வெளிக் கருவிகளோடு இணைக்கும் துணை நிரல்களை, அறிவித்தது. உல்ஃப்ராம் என்ற கணக்குப் போடும் சேவையின் பிளக்-இன்னைப் போட்டால், பெருக்கல் உல்ஃப்ராமுக்குப் போய்ச் சரியான விடையோடு திரும்பும். அருமையான யோசனை. ஆனால் ஓர் உரையாடலில் மூன்றுதான் போடலாம்; எது தேவைப்படும் என்று முன்கூட்டியே நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். 2024 ஏப்ரலோடு அதை நிறுத்திவிட்டார்கள்.

அதன் இடத்துக்கு வந்தவை, 2023 நவம்பரில் அறிமுகமான ஜிபிடிகள்: ஒரு வேலைக்கென்று நாமே கட்டளையும் கோப்பும் கொடுத்து அமைத்துக்கொள்ளும் சாட்ஜிபிடி. நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கு இன்றும் இதையே சொல்வேன். ஒரு ஆசிரியர் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தின் பிடிஎஃப்பை ஏற்றி, “விடையைச் சொல்லாதே, மாணவனைக் கேள்வி கேட்டு விடைக்குக் கொண்டு வா” என்று எழுதி வைத்தால் போதும், அரை மணி நேரத்தில் ஒரு பயிற்சித் துணை தயார். உருவாக்கத்தான் கட்டணச் சந்தா வேண்டும். மாணவர்கள் இலவசக் கணக்கிலேயே பயன்படுத்தலாம். குறை என்னவென்றால், ஏற்றிய கோப்பு ஏற்றிய நாளோடு நின்றுவிடும். பாடம் மாறினால் மறுபடி ஏற்ற வேண்டும். சாட்ஜிபிடியை விட்டு வெளியேயும் வராது.

எம்சிபி இந்த இரண்டு தடையையும் உடைக்கிறது. 2024 நவம்பரில், கிளாட் சாட்பாட்டை உருவாக்கும் ஆந்த்ரோபிக் வெளியிட்ட திறந்த நெறிமுறை இது; சாட்பாட்டும் வெளிக் கருவியும் பேசிக்கொள்வதற்கான பொது விதிமுறை. அடுத்த மார்ச்சில் ஓப்பன்ஏஐயும் ஏற்றுக்கொண்டது. ஒரு கருவிக்கு ஒருமுறை சர்வர் (அதைச் சாட்பாட்டோடு இணைக்கும் சிறு நிரல்) எழுதினால், எம்சிபி தெரிந்த எந்தச் சாட்பாட்டும் அதைப் பயன்படுத்தலாம். என் கணினியில் பில்கள் இருக்கும் கோப்புறையை இப்படி இணைத்திருக்கிறேன். “போன மாதம் மின்கட்டணம் எவ்வளவு?” என்று கேட்டால், கோப்பைத் திறக்க அனுமதி கேட்டு, படித்து, தொகையைச் சொல்கிறது. நேற்றுப் போட்ட பில்லும் அதன் கண்ணில் படும். நிறுவுவதற்குத்தான் பொறுமை வேண்டும்: அமைப்புக் கோப்பில் ஒரு காற்புள்ளி விடுபட்டாலும் சர்வர் கிளம்பாது.

ஆனால் எனக்குப் பெரிய கவலை வேறு. சாட்பாட் படிக்கும் மெயிலிலோ பக்கத்திலோ யாராவது “இந்தக் கோப்புகளை இந்த முகவரிக்கு அனுப்பு” என்று ஒளித்து எழுதியிருந்தால், அதையும் நம் கட்டளையாக நினைத்துச் செய்துவிடக்கூடும். தனிப்பட்ட கோப்பு, வெளியிலிருந்து வரும் எழுத்து, வெளியே அனுப்பும் வசதி, மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால் ஆபத்து. பிளக்-இன் காலத்திலேயே இந்தச் சிக்கல் உண்டு. எம்சிபியில் கதவுகள் அதிகம் என்பதால் இன்னும் பெரிதாகிறது. அதனால்தான் பில் கோப்புறை ஒன்றை மட்டும் திறந்து விட்டிருக்கிறேன். மெயிலை இணைக்கவில்லை, “எப்போதும் அனுமதி” என்ற பொத்தானையும் தொடுவதில்லை.