திறக்க மறுத்த சிடி

டொரண்டோவிலிருந்து மூன்று வார விடுப்பில் மதுரைக்கு வந்ததே, உடலில் புற்றுநோய் எங்கெங்கே இருக்கிறது என்று காட்டும் அப்பாவின் பெட் (PET) ஸ்கேனுக்காகத்தான். அவருக்கு இருப்பது ஃபோலிகுலர் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய். மெதுவாக வளரும் வகை என்பதால் இரண்டாண்டுகளாக மருந்தில்லாமல் கண்காணிப்பிலேயே வைத்திருக்கிறார்கள். அண்மையில் எடை குறைந்து, இரவில் சட்டை நனையுமளவு வியர்க்கத் தொடங்கியதால் மருத்துவர் மறுபடியும் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

கனடாவில் தேதி கிடைப்பதற்கே காத்துக் கிடக்க வேண்டும். இங்கே மறுநாள் காலை ஏழு மணிக்கே வரச் சொன்னார்கள். அந்த மகிழ்ச்சி எட்டு மணிவரைகூட நிலைக்கவில்லை. நான் கொடுத்த பழைய ஸ்கேனின் சிடி அவர்களுடைய கணினியில் திறக்கவில்லை. "அதான் பழைய ரிப்போர்ட் இருக்கேக்கா, டாக்டர் அதைப் பாத்துக்குவாரு" என்றார் வரவேற்பில் இருந்த தம்பி. எடுத்த இடத்துக்கே தொலைபேசியில் கேட்டால், அவ்வளவு பழைய படங்களை வைத்திருப்பதில்லை என்றார்கள்.

எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை. 'இடது அக்குளில் 2.1 செ.மீ. நெறிக்கட்டி' என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு எதை ஒப்பிடுவது? மெதுவாக வளரும் நோயில் மூன்று, நான்கு மில்லிமீட்டர் மாற்றம்கூட கவலை தரும். ஆனால் வேறொருவர் வேறொரு குறுக்குவெட்டில் அளந்தாலே அந்த அளவு வேறுபாடு வந்துவிடும். தாத்தாவின் எக்ஸ்ரேயைப் பழுப்பு உறையிலிருந்து உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த காலத்தில், படமாவது நம் பீரோவிலேயே பத்திரமாக இருந்தது.

அதற்குள் அப்பாவுக்கு ஊசி போட்டுவிட்டார்கள். சர்க்கரையோடு சேர்த்த அந்தக் கதிரியக்க மருந்தை இழுத்துக்கொள்ளும் கட்டிகள்தான் படத்தில் ஒளிரும். அதன் வீரியம் 110 நிமிடத்தில் பாதியாகிவிடுமாதலால், ஸ்கேனைத் தள்ளிப்போட வழியில்லை. பேசாமல் அசையாமல் ஒரு மணி நேரம் அவர் போர்வைக்குள் படுத்திருந்த வேளையில், ஸ்கேன் எடுக்கும் பெண் ஒருவர் சிடியை வாங்கி, தன் துப்பட்டாவின் நுனியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைத்து, எக்ஸ்ரே அறையில் இருந்த பழைய கணினியில் போட்டார். அது திறந்தது. படங்கள் ஒவ்வொன்றாக நகலாகி முடியும்வரை அவர் அங்கிருந்து நகரவில்லை. இத்தனை வருட வெளிநாட்டு வாழ்க்கையில் இப்படியொரு அக்கறையை எந்த மருத்துவமனையிலும் நான் பார்த்ததில்லை.

மாலையில் மருத்துவர் இரண்டு ஸ்கேன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அக்குள் கட்டி அப்படியே இருந்தது. ஆனால் வயிற்றின் உட்புறம், முன்பு மங்கலாகத் தெரிந்த ஒரு கட்டி, இப்போது கல்லீரலைவிடப் பல மடங்கு பிரகாசமாக ஒளிர்ந்தது. கட்டி எவ்வளவு ஒளிர்கிறது என்பதை 1 முதல் 5 வரை மதிப்பிடும் டோவில் அளவுகோலில் அது 5, உச்ச அளவு. நோய் வேகமான வகைக்கு மாறியிருக்கலாம் என்ற ஐயம் இருப்பதாகவும், ஒளியை மட்டும் வைத்து முடிவுசெய்ய முடியாது, அதிகம் ஒளிரும் அந்த இடத்திலிருந்தே திசு எடுத்துப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். எளிதில் கை எட்டும் அக்குளில் எடுத்தால், அந்த மாற்றம் இருந்தாலும் தெரியாமலே போய்விடலாம்.

வியாழக்கிழமை பயாப்ஸி. இரண்டு ஸ்கேன்களையும் இரண்டு பென்டிரைவ்களில் ஏற்றிவிட்டேன். ஒன்று அம்மாவின் பீரோவில் வீட்டுப் பத்திரத்தோடு இருக்கிறது, மற்றொன்று என் கைப்பையில்.