முடிச்சுச் சாயத்துக்கு எது நல்லது: தூள் சாயமா, செண்டுமல்லியா?

தருமபுரியில் வீட்டிலேயே துணியை முடிந்து சாயம் போட நினைப்பவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தூளாகக் கிடைக்கும் ரியாக்டிவ் சாயம்; பருத்தி இழையோடு பிணைந்துகொள்ளும் செயற்கைச் சாயம் இது, சூடில்லாமல் பிடிக்கும் வகையைச் சொல்கிறேன். இன்னொன்று, நம் பக்கத்துத் தோட்டங்களில் விளையும் செண்டுமல்லி.

ரியாக்டிவ் சாயத்துக்கு அடுப்பே வேண்டாம். பருத்தித் துணியைச் சலவை சோடா கரைத்த நீரில் ஊறவைத்து, நூலால் இறுக்கிக் கட்டி, சாயத்தை ஊற்றி, ஈரம் காயாமல் ஒரு நாள் மூடி வைத்தால் போதும். நீலம், சிவப்பு, பச்சை எதுவும் கிடைக்கும். தூளைக் கரைக்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். எங்கள் போர் தண்ணீர் உப்பு; அதில் நிறம் மங்கிப்போனது. ஒகேனக்கல் குடிநீரில் கரைத்தபோதுதான் பளிச்சென்று வந்தது.

செண்டுமல்லிக்குப் பொறுமை வேண்டும். துணியை முதலில் கடுக்காய்த் தண்ணீரிலும் அப்புறம் படிகாரத்திலும் ஊறவைக்க வேண்டும். இல்லாவிட்டால் பருத்தியில் மஞ்சள் சரியாக நிற்காது. பிறகு முடிந்து, பூவை வேகவைத்து வடித்த சாற்றில், கொதிக்கவிடாமல் ஒரு மணி நேரம் சூடாக்க வேண்டும். சூட்டில் முடிச்சு தளர்ந்தால் உள்ளே சாயம் புகுந்துவிடும், கட்டு நன்றாக இறுகட்டும். துருப்பிடித்த ஆணி ஊறிய நீரில் கடைசியாக முக்கினால் மஞ்சள் பாசிப்பச்சையாக மாறும். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் அதுதான்.

அடிக்கடி துவைக்கிற பிள்ளைகள் சட்டைக்கு ரியாக்டிவ்தான் சரி. துப்பட்டாவுக்கு நான் செண்டுமல்லியைத்தான் சொல்வேன். ஆயுத பூஜை மாலைகளை வீசாமல் எடுத்து வையுங்கள். காய்ந்த பூவும் சாயம் தரும்.