மீன்வலைக் கடையில் இருந்துகொண்டு படித்த பட்டம்

திங்கட்கிழமை காலை 9.29. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இணையவழியில் பட்டம் படித்த ஐந்து வருடமும் என்னுடைய வாரம் முடிந்த நேரம் இதுதான். அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஞாயிறு இரவு 11.59க்கு ஒப்படை பாரங்கொடுக்கும் நேரம் முடியும். திருகோணமலையில் அப்போது திங்கள் விடிந்து, கடை திறந்து, நான் முதல் பில்லும் எழுதியிருப்பேன். அவர்களுடைய குளிர்காலத்தில் அது 10.29. அங்கே மார்ச்சில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுவார்கள், நவம்பரில் திரும்பப் பின்னுக்கு வைப்பார்கள். எங்களுக்கு அந்த வழக்கம் இல்லை. 2020 மார்ச் 9ஆம் திகதி இது தெரியாமல் பத்து மணிக்கு ஒப்படையை ஏற்றப் போனேன். பூட்டிவிட்டிருந்தது. முதல் பருவத்திலேயே பத்துப் புள்ளி போனது, பில் புத்தகத்துக்கு மேல் தலையை வைத்து அழுதேன். வெளிநாட்டுப் பட்டம் படிக்கலாமா என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, பாடத்திட்டத்தைப் பார்க்க முன்னம் அவர்களுடைய மணிக்கூட்டைப் பாருங்கள் என்பதுதான்.

நான் படித்தது முகாமைத்துவத் தகவல் முறைமைகள் இளமாணிப் பட்டம், சுருக்கமாக எம்.ஐ.எஸ். 2020 ஜனவரியில் தொடங்கி 2024 டிசம்பரில் முடித்தேன். 120 கிரெடிட், 40 பாடம். பல்கலைக்கழகத்தின் பெயரை எழுதவில்லை. நல்லதும் கெட்டதுமாக நான் பட்டதில் பெரும்பகுதி, எந்த இணையவழிப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாலும் உங்களுக்கும் வரும்.

உயர்தரத்தில் நான் வணிகப் பிரிவு, தமிழ் மொழி மூலம். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இஸட் புள்ளி போதவில்லை. கோணேசபுரியில் இருக்கிற கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்துக்குப் போகும் பஸ்ஸைப் பல வருடம் பார்த்துக்கொண்டுதான் வேலைக்குப் போனேன். வேலை நகரத்தில் ஒரு மீன்பிடிச் சாமான் கடையில். வலை, தங்கூசி என்கிற நைலோன் நூல், மிதவை, ஈயம், எஞ்சின் உதிரிப்பாகம் எல்லாம் மொத்தமாகவும் சில்லறையாகவும் போகும். நான் கணக்கு.

ஏன் எம்.ஐ.எஸ்.? புரோகிராமிங்தான் வேண்டுமென்றால் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் பி.ஐ.டி. (தகவல் தொழில்நுட்ப இளமாணி) வெளிவாரிப் பட்டம் 2000ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது, ரூபாயிலேயே கட்டலாம், தரமும் பெயரும் உண்டு. அதைத்தான் முதலில் யோசித்தேன். ஆனால் என் மனதில் இருந்த கேள்வி வேறு. ஒரு கடைக்குள் சாமான் வருகிறது, போகிறது, காசு வருகிறது, வராமல் நிற்கிறது. இந்தத் தகவல் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது, எங்கே தொலைகிறது? 1960களின் கடைசியில் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் இதை ஒரு தனிப் படிப்பாகத் தொடங்கியவர்கள் கேட்டதும் ஏறக்குறைய இதே கேள்விதான். கணக்கீடு ஒரு கால், கணினி ஒரு கால். எனக்கு முதல் கால் ஏற்கெனவே ஊன்றியிருந்தது.

முதல் ஒன்றரை வருடம் பொதுப் பாடங்கள். ஆங்கிலக் கட்டுரை, அமெரிக்க வரலாறு, சுற்றுச்சூழல், புள்ளிவிபரம். புள்ளிவிபரம் பின்னால் நன்றாக உதவியது. வரலாறு நேரத்தைத் தின்றது. ஆனால் 120 கிரெடிட்டில் இவற்றைத் தாண்டாமல் போக வழியில்லை. ஆங்கிலம் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். வாசித்து விளங்குவது பிரச்சினையாக இருக்கவில்லை, ஒவ்வொரு கிழமையும் எழுதுவதுதான் கொன்றது. கிழமைக்கு ஒரு விவாதப் பதிவு, இரண்டு பேருக்குப் பதில், ஒரு ஒப்படை. முதலில் தமிழில் எழுதி மொழிபெயர்த்தேன். ஒரு ஒப்படைக்கு ஆறு மணித்தியாலம் போகும். இரண்டாம் வருடத்தில் அந்தப் பழக்கத்தை வலிந்து விட்டேன். சின்னச் சின்ன வசனமாக நேரே ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கிய பிறகுதான் இரவில் நித்திரை கிடைத்தது.

நேரலை வகுப்புகள் அவர்களுக்கு மாலை ஏழு மணி. எங்களுக்கு விடிய நாலரை, அவர்களுடைய குளிர்காலத்தில் ஐந்தரை. பதிவு செய்ததைப் பிறகு பார்க்கலாம் என்பதால் கட்டாயமில்லை. ஆனால் தரவுத்தளப் பாடத்துக்கு மட்டும் ஒரு நாளும் தவறாமல் எழும்பினேன். பட்டத்தில் எனக்குப் பெறுமதியான பாடம் அதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் கடையில் கடன் கணக்கு நீளமான சி.ஆர். கொப்பியில் இருந்தது. கடல் தொழிலில் கடன் இல்லாமல் வியாபாரம் இல்லை. வாடைக்காற்றுக் காலத்தில் கடல் அடிக்கும், போட் இறங்காது. கார்த்திகை, மார்கழியில் வலை எடுத்தவர் சித்திரை, வைகாசியில்தான் கொடுப்பார். கொப்பியில் ஒரே மனிதர் நாலு பெயரில் இருப்பார். ஒரு பக்கத்தில் ‘கிண்ணியா நானா’. இன்னொரு பக்கத்தில் ‘நீலப் போட் நானா’. மகன் வந்து தங்கூசி எடுத்த நாளில் ‘நானாட மகன்’. முதலாளி தன் கையால் எழுதிய இடத்தில் வெறும் ‘நானா’. இந்த நாலும் ஒருவர்தான் என்பது முதலாளியின் தலைக்குள் மட்டும் இருந்தது. 2021இல் அவருக்குக் கொவிட் வந்து மூன்று கிழமை படுத்துவிட்டார். அந்த மூன்று கிழமையும் யாரிடம் எவ்வளவு கேட்பது என்று கடையில் ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்தமாதிரிக் கேட்டு ஒரு பழைய வாடிக்கையாளரை நோகவும் வைத்துவிட்டோம்.

அடுத்த பருவத்தில் தரவுத்தளப் பாடம் வந்தது. எட்கர் கொட் என்ற ஐ.பி.எம். ஆய்வாளர் 1970இல் எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்கினார்கள். தகவலை அட்டவணைகளாகப் பிரி, ஒரு விடயத்தை ஒரே இடத்தில் மட்டும் வை, ஒவ்வொரு வரிக்கும் அதை மட்டுமே குறிக்கிற ஒரு சாவி கொடு. விரிவுரையில் காட்டிய உதாரணம் மாணவர், பாடம், விரிவுரையாளர் என்று போனது. எனக்குக் கண்ணுக்கு முன்னால் சி.ஆர். கொப்பிதான் நின்றது. ஒப்படைக்கு எங்கள் கடையையே எடுத்தேன்.

வாடிக்கையாளருக்கு எதைச் சாவியாக வைப்பது? முதலில் போட்டின் பதிவு இலக்கத்தை வைத்தேன். அணியத்தில் எழுதியிருக்கும், பிழைக்காது என்று நினைத்தேன். பிறகு மூதூரில் ஒருவர் போட்டை விற்றார். வாங்கியவர் கடைக்கு வந்தபோது பழைய சொந்தக்காரரின் கடன் இவருடைய தலையில் ஏறி நின்றது. அடுத்தது அடையாள அட்டை இலக்கம். 2016இலிருந்து புதிய அட்டைக்கு 12 இலக்கம், பழையதுக்கு ஒன்பது இலக்கமும் கடைசியில் ஓர் எழுத்தும். பழைய அட்டையைத் தொலைத்துப் புதியது எடுத்தவர் என் அட்டவணையில் இரண்டு ஆளாக வந்து நின்றார். கடைசியில், அர்த்தம் எதுவுமில்லாத, வரிசையாகக் கூடிக்கொண்டு போகும் ஓர் ஓட்ட இலக்கத்தை நாங்களே கொடுத்தோம். ஆளுக்கு ஓர் அட்டவணை, போட்டுக்கு ஓர் அட்டவணை, எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதிவரை எந்தப் போட் யாருடையது என்பதற்கு மூன்றாவது அட்டவணை. பாடப்புத்தகத்தில் இது அரைப் பக்கம். எனக்கு விளங்க இரண்டு மாதமும் ஒரு மூதூர்ச் சண்டையும் தேவைப்பட்டது.

அதனால்தான் சொல்கிறேன், இந்தப் படிப்பை வேலையில்லாமல் வீட்டில் இருந்து படிப்பவர்களுக்கு நான் அவ்வளவாகச் சிபாரிசு செய்ய மாட்டேன். கடையோ, கூட்டுறவுச் சங்கமோ, ஆஸ்பத்திரி ஸ்டோரோ, ஏதாவது ஓர் இடம் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாடம் வெறும் சொற்களாகப் போய்விடும். என்னோடு சேர்ந்த ஒரு தங்கச்சி என்னைவிட ஆங்கிலம் நன்றாக எழுதுவாள், ஆனால் இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டாள். எதற்காகப் படிக்கிறேன் என்று தெரியவில்லை அக்கா என்றாள்.

முதலாளி கணினியைத் தொட ஒரு வருடம் எடுத்தது. 1989இல் பிரெட் டேவிஸ் எழுதிய ஒரு கோட்பாடு பாடத்தில் வரும். ஒரு முறைமை பயன்படும் என்றும் கையாள இலகு என்றும் நம்பினால்தான் ஆட்கள் அதை ஏற்பார்கள் என்கிறது. நான் இலகுவாக்கத்தான் பாடுபட்டேன். பெரிய எழுத்து, தமிழ்த் திரை, மூன்றே பொத்தான். அவர் திரும்பியும் பார்க்கவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை, தொண்ணூறு நாளுக்கு மேல் நிற்கும் கடனை மட்டும் ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தேன். அரை மணித்தியாலம் அதையே வைத்துக்கொண்டு இருந்தார். “பிள்ளை, இதை ஒவ்வொரு சனியும் தா” என்றார். சி.ஆர். கொப்பியை அவர் இன்னும் விடவில்லை. ஆனால் பெயருக்கு முன்னால் இலக்கத்தை எழுதுகிறார்.

இனிக் கஷ்டங்கள். கமரா வைத்து நடக்கும் பரீட்சைதான் மிகப் பெரியது. தொடங்க முன்னம் அறையைச் சுற்றிக் காட்ட வேண்டும், வேறு குரல் கேட்கக்கூடாது, இணைப்பு அறுந்தால் பரீட்சை அந்தரத்தில் நிற்கும். அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டு அறைக்குக் கதவில்லை, சேலைதான் திரை. மாமி பரீட்சை நாட்களில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவார். அவர் அப்படிச் செய்திராவிட்டால் எனக்கு இந்தப் பட்டம் இல்லை.

2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் எங்கள் மாவட்டத்தின் வடக்குக் கரையால் ஏறியது. பருவ இறுதிப் பரீட்சைக் காலம். கரண்ட் போனது. போனில் மிஞ்சியிருந்த சார்ஜில் விரிவுரையாளருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டேன். ஒரு கேள்வியும் கேட்காமல் ஒரு கிழமை தந்தார். மனிதர்கள் நல்லவர்கள். ஆனால் பரீட்சையைக் கண்காணிக்கும் வேலையை வெளி நிறுவனம் ஒன்றுக்குக் கொடுத்திருந்தார்கள், அங்கே மனிதரைப் பிடிக்க முடியாது. 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. மின்வெட்டு அட்டவணையையே இணைத்து அனுப்பினேன், மாற்ற முடியாது என்று தானியங்கிப் பதில் வந்தது. முதலாளியின் மச்சானுடைய ஐஸ் பக்டரியில் ஜெனரேட்டர் இருந்தது. அந்த அலுவலக அறையில் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு இருந்து எழுதினேன். இயந்திர இரைச்சலைச் சந்தேகமான சத்தம் என்று குறித்துவிட்டார்கள். புள்ளி வெளிவர மூன்று கிழமை மின்னஞ்சலில் மன்றாட வேண்டி வந்தது. இந்த விடயத்தில் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

காசு. என் பல்கலைக்கழகத்தில் ஒரு பாடத்துக்கு 300 டொலர். டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தபோது அது 60,000. 2022 மார்ச்சில் ரூபாய் விழத் தொடங்கி, மே மாதமளவில் டொலர் 360ஐத் தொட்டது. அதே பாடம் ஒரு இலட்சத்து எட்டாயிரம். என் வங்கி அட்டை வெளிநாட்டுக் கொடுப்பனவையும் மறுத்தது. கனடாவில் இருக்கிற அண்ணா அங்கிருந்து கட்டினார். அந்தக் கடனை இன்னும் மாதாமாதம் அடைக்கிறேன். உங்களுக்கு வெளியில் ஒருவர் இல்லாவிட்டால், டொலர் கட்டணத்தில் கைவைக்க முன்னம் இரண்டு தரம் யோசியுங்கள்.

அந்த 2022ஐப் பற்றி இன்னொன்று. தரவுப் பகுப்பாய்வுப் பாடத்துக்கு எங்கள் கடன் தொகையை மாத வாரியாக வரைபடமாக்கினேன். மற்ற வருடங்களில் கோடு வாடைக்காற்றோடு ஏறி, கச்சான் காற்றோடு இறங்கும். பார்க்கவே அலைபோல வடிவாக இருக்கும். 2022இல் கோடு இறங்கவே இல்லை. மண்ணெண்ணெய் இல்லாமல் சின்ன எஞ்சின் போட்டுகள் கரையில் கிடந்தன. ஓகஸ்ட்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்குப் போனது. அமெரிக்க வகுப்புத் தோழர்கள் பருவகாலப் போக்கு என்று நத்தார் விற்பனையைக் காட்டினார்கள். நான் இந்தக் கோட்டைக் காட்டினேன். அன்று முதல்தரமாக மற்றவர்கள் என்னிடம் கேள்வி கேட்டார்கள்.

பட்டம் வந்து என்ன மாறியது? சம்பளம் கூடியது, கடையின் இரண்டாவது கிளைக்கும் கணக்கும் கணினியும் என் பொறுப்பு. அரச வேலைக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்கள் மட்டும் கவனமாக இருங்கள். வெளிநாட்டுப் பட்டத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்பதற்கு, அந்தப் பல்கலைக்கழகம் சர்வதேசப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். முதல் தவணைக் காசு கட்ட முன்னமே ஆணைக்குழுவுக்கு எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். வணிகப் பீடத்துக்கு ஏ.ஏ.சி.எஸ்.பி., தகவல் முறைமைப் படிப்புக்கு அபெட் தரச்சான்று இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் பல்கலைக்கழகத்துக்கென்று அங்கீகாரம் கட்டாயம் இருக்க வேண்டும். நான் சேர்ந்த பிறகுதான் இதையெல்லாம் தேடினேன். என்னுடையது சரியாக அமைந்தது.

மச்சாளின் மகள் வருகிற ஜனவரியில் இதே படிப்பில் சேருகிறாள். ஆணைக்குழுவின் பதில் வந்துவிட்டது. ரவுட்டருக்கு ஒரு பற்றரி வாங்கியாயிற்று. போன கிழமை கதவுத் தச்சரை வரச் சொல்லி, அறைக்கு அளவெடுக்க வைத்தேன்.