ஒரே வருஷத்தில் எம்.ஏ. ஆங்கிலமா? பணம் கட்டாதீர்கள்

சென்னையில் தனியார் பள்ளிகளில் ஆங்கிலம் எடுக்கும் டீச்சர்களுக்காக இதை எழுதுகிறேன். பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்பு கிடைக்க எம்.ஏ. வேண்டும், வேலையை விட்டுவிட்டு ரெகுலரில் சேரவும் முடியாது, தொலைநிலையில்தான் படிக்க வேண்டும். இந்த இக்கட்டை வைத்தே சிலர் பிழைப்பு நடத்துகிறார்கள்.

அசோக் நகரில் ஒரு மாடி. வெளிமாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயரில் ஸ்டடி சென்டர் என்று பலகை. "போன வருஷ பேட்ச்சுல போட்டுடலாம் மேடம், ஒரே வருஷத்துல முடிஞ்சிடும்" என்றார்கள். 32,000 ரூபாய் கட்டினேன். ரசீதில் பல்கலைக்கழகத்தின் பெயரே இல்லை, ஏதோ ஒரு கல்வி அறக்கட்டளையின் முத்திரை. கேட்டால், "நாங்க மொத்தமா அனுப்பிடுவோம்."

பாடநூல் என்று கொடுத்தது ஒரு ஜெராக்ஸ் கட்டு. ஆங்கிலம் கற்பித்தல் தாளுக்கான பகுதியைப் புரட்டினால், என் வகுப்புப் பிள்ளைகள் பையில் வைத்திருக்கும் பத்தாம் வகுப்பு கிராமர் கைடு, பக்க எண்கூட மாறாமல்! தேர்வும் அதே மாடியில்தான். கேள்வித்தாளோடு விடைகளையும் அச்சடித்துக் கொடுத்து, "அப்படியே எழுதிடுங்க மேடம்" என்றபோது எழுந்து வந்துவிட்டேன். உட்கார்ந்து எழுதிய இன்னொரு டீச்சருக்கு மார்க் ஷீட் வந்தது. அவர் பள்ளியில் உண்மைத்தன்மைச் சான்று கேட்டார்கள். அப்படி ஒரு பதிவெண்ணே இல்லை என்று பல்கலைக்கழகத்திலிருந்து பதில்.

யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி தொலைநிலைப் படிப்பை ஏஜென்சிக்குக் குத்தகைக்கு விடவே கூடாது. மூன்று வருஷ டிகிரிக்காரர்களுக்கு எம்.ஏ. இரண்டு வருஷம்தான், ஒரு வருஷ எம்.ஏ. நான்கு வருஷ டிகிரி முடித்தவர்களுக்கு மட்டும். பல்கலைக்கழகத்துக்கு அனுமதி இருக்கிறது என்பதும் போதாது. நீங்கள் சேரும் பருவத்தில், அந்தப் பாடத்துக்கு அனுமதி உண்டா என்று யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் பாருங்கள். 2024 முதல் சேர்க்கைக்கு டெப் ஐடி, அதாவது அந்தப் பிரிவின் தளத்தில் மாணவர் எடுக்கும் எண், வேண்டும். அதை நாமே எடுக்கலாம். இவர்களோ "ஓடிபி சொல்லுங்க, நாங்களே எடுத்துத் தர்றோம்" என்பார்கள். சொல்லாதீர்கள்.

நேராகப் போய் விசாரிக்க ஊரிலேயே இடம் இருக்கிறது: சைதாப்பேட்டையில் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி நிறுவனம். மத்திய அரசின் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவும் உண்டு. எங்கே சேர்ந்தாலும் கட்டணம் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கே போகட்டும்.

என் பணத்தில் 10,000 மட்டும் திரும்பி வந்தது, அதுவும் போலீஸ் என்று சொன்ன பிறகு. மீதிக்காக வேப்பேரி கமிஷனர் அலுவலகத்தில் ரசீது நகலோடு புகார் கொடுத்திருக்கிறேன்.

அந்த மாடியில் இப்போது பி.எட். அட்மிஷனும் நடக்கிறதாம். தொலைநிலை பி.எட். எல்லாருக்கும் கிடையாது, ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி முடித்திருக்க வேண்டும். தோழி ஒருத்தி போனில் விசாரித்ததற்கு, "அதெல்லாம் வேணாம் மேடம், டிகிரி இருந்தா போதும்" என்றார்களாம்.