பில்லுல பியூ, ரூஃப்ல பாத்ரூம் சிலிக்கான்: வேனை கேம்பரா மாத்தறவங்க உஷார்

மக்களே, டிராவலரோ வேற எந்த வேனோ கேம்பரா, அதாவது உள்ளயே படுத்துத் தங்கற வண்டியா மாத்தற ஐடியா இருந்தா அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க. என் வேனை மாத்திக் குடுத்த யார்டு, அதாவது பட்டறை, பேரு போடல, கம்ப்ளைண்ட் போயிட்டு இருக்கு. சென்னை அவுட்டர்ல இருக்கற இடம், அவ்ளோதான்.

ஃபேன் வென்ட், ஏசி, சோலார் பிராக்கெட், கேபிள் உள்ள எறங்கற இடம்னு ரூஃப்ல ஏகப்பட்ட ஓட்டை போட்டாங்க. அதனாலதான் எஸ்டிமேட்லயே ஆட்டோமோட்டிவ் கிரேடு பியூ, அதாவது பாலியூரித்தேன் சீலன்ட் (இடுக்குல தண்ணி எறங்காம அடைக்கற பசை)னு எழுதச் சொல்லி வாங்கினேன். பில்லுலயும் அதேதான் இருக்கு, பியூ ரேட்டுதான் போட்டிருக்காங்க.

ஐப்பசி மழை புடிச்சதும் படுக்கைக்கு மேல இருக்கற லைட்டு ஓரத்துல சொட்டு சொட்டா எறங்க ஆரம்பிச்சுது, பிளைவுட் ஊதிப்போச்சு. ஃபோன் பண்ணா ஓனர் கூலா "சார் அது லீக்கே இல்ல, கண்டென்சேஷன், குளிர்ச்சில தண்ணி கோத்துக்கறது, உள்ள ஏசி போடறீங்கல்ல"ன்றார். ஏசியே போடல, மழைல சும்மா நிறுத்தி வச்ச வண்டி! சரின்னு மழை விட்டு நல்லா காஞ்சதும் ஏசிய தொடாம ஹோஸ் பைப்ப எடுத்து ஓரத்துல ஆரம்பிச்சு ஒவ்வொரு ஜாயின்ட்டா தண்ணி விட்டோம், மச்சான் உள்ள டார்ச்சோட படுத்துக்கிட்டான். ஃபேன் வென்ட் கிட்ட போனப்போ "மாமா வருது"ன்னு கத்தறான், ஆனா சொட்டறது என்னமோ ரெண்டடி தள்ளி லைட்டு கிட்டதான், தண்ணி சீலிங் ரிப் (கூரைக்கு அடில குறுக்க ஓடற சட்டம்) வழியா ஓடி அங்க வந்து எறங்குது. சொட்டற எடத்துக்கு மேல சீலன்ட் அப்பறதுல பிரயோஜனமே இல்லன்றது இதனாலதான்.

மேல ஏறி வென்ட் ஓரத்துல இருந்த சீலன்ட்ட நகத்தால நெம்பினா, முருங்கைக்கா நார் உரியற மாதிரி முழு நீளத்துக்கு கையோட வந்துடுச்சு. நல்ல பியூன்னா கத்தி போட்டு அறுக்கணும், அப்பவும் தகட்டுல ஒட்டிக்கிட்டு நிக்கும். உரிஞ்ச எடத்துல ஜிஐ ஷீட்ல (துத்தநாகம் பூசின இரும்புத் தகடு) வெள்ளையா பூத்து, நடுவுல துரு கோடு. பெயின்டர் அண்ணன் பாத்துட்டு "இது பாத்ரூம் சிலிக்கான் தம்பி, போடும்போது வினிகர் நாத்தம் அடிச்சிருக்குமே"ன்னாரு. அந்த சாதா சிலிக்கான் காயும்போது அசிட்டிக் ஆசிட் விடும், அது ஜிஐல இருக்கற துத்தநாகத்தையே தின்னுடும். சிலிக்கான் மிச்சம் இருந்தா அது மேல பெயின்ட் நிக்காது, பியூ நிக்காது, ஏன் புது சிலிக்கானே சரியா ஒட்டாது. மொத்தத்தையும் சுரண்டி, ரிமூவர் போட்டு, தேச்சு எடுத்தாதான் அடுத்த வேலை, அந்தக் கூலிதான் மெட்டீரியல் காசைவிட ஜாஸ்தியாச்சு.

இப்ப நானே சென்னை பாரிஸ் கார்னர் போய் சீலன்ட் டியூப் வாங்கி, கூடவே நின்னு பண்ண வச்சேன். வென்ட் ஃபிளேஞ்ச் (தகட்டுல உக்கார்ற விளிம்பு) அடில பியூட்டைல் டேப், அதாவது பிசுபிசுன்னு ஒட்டற ரப்பர் டேப், ஸ்க்ரூ இறுக்கினதும் ஓரத்துல பிதுங்கி வரணும், அது காயவே காயாது, அதான் அதோட வேலையே. ஷீட் ஜாயின்ட்டுக்கு பியூ. ஆனா பியூவ வெறும் வெயில்ல விட்டா மஞ்சளாகி வெடிக்கும், அதனால மேல பெயின்ட். பெயின்ட் அடிக்க முடியாத எடத்துல சிக்காஃப்ளெக்ஸ் 521 யூவி மாதிரி ஹைபிரிட் சீலன்ட். ஆன்லைன்ல எல்லாரும் டைகார் டைகார்னு சொல்றது அமெரிக்கால ரப்பர் ரூஃப் வண்டிங்களுக்கு ஃபேமஸான சீலன்ட், அதுலயும் தானா பரவி சமமாகற செல்ஃப் லெவலிங் வகைய சைடு ஜாயின்ட்ல போட்டா வழிஞ்சு கீழ வந்துடும்.

நம்ம ஊரு வெயில்ல தகடு எவ்ளோ விரியும்னு யோசிங்க. 4 மீட்டர் ஜிஐ ஷீட் 40 டிகிரி சூடு ஏறினா கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர் நீளும், அலுமினியம்னா 3.5க்கு மேல. டெய்லி மதியம் விரிஞ்சு ராத்திரி சுருங்குது, ஒட்டாத சீலன்ட் அங்க எத்தன நாளைக்கு தாங்கும் சொல்லுங்க.

யார்டுல குடுத்தா டியூப்ப உங்க கண்ணு முன்னாடி கட் பண்ணச் சொல்லுங்க, லேபிளையும் எக்ஸ்பைரியையும் ஃபோட்டோ எடுங்க (பழைய பியூ டியூப்லயே கெட்டியாயிடும், அதையும் அழுத்தி அழுத்தி போடுவானுங்க), காலி டியூப்ப எல்லாம் கேட்டு வாங்கி பில்லோட எண்ணிப் பாருங்க. புளிச்ச வாசனை வந்தா அங்கயே வேலைய நிறுத்துங்க.

1915ல, அதான் கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன், கம்ப்ளைண்ட் பதிஞ்சாச்சு, உரிச்ச சிலிக்கான ஒரு கவர்ல போட்டு வச்சிருக்கேன். அதுல வேலைக்கு ஆகலன்னா மாவட்ட கன்ஸ்யூமர் கமிஷன், பிரச்சனை வந்த நாள்ல இருந்து 2 வருஷம் டைம் இருக்கு, நாம குடுத்த காசு 5 லட்சம் வரைக்கும்னா ஃபீஸ் கிடையாது. ஓனர் நேத்து ஃபோன் பண்ணி "வண்டிய எடுத்துட்டு வாங்க சார், மேல இன்னொரு கோட் சிலிக்கான் ஃப்ரீயா அடிச்சுத் தரேன்"னாரு.